பதினாறு வயதில் ஒரு சரித்திரம்



சரித்திரம் என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். பத்தாம் வகுப்போடு அந்தத் தொல்லை விட்டது என்று நிம்மதியாக டிப்ளமோவுக்கு வந்தவர்கள்தானே நாம்! நானும் அப்படித்தான். இன்ஜினியரிங் டிராயிங் போட வந்தவனுக்கு அசோகர் எதற்கு, அக்பர் எதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு பெயர்ப் பலகை.

எங்கப்பா ஜமக்காள நெசவாளி. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குப் பெயர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது யாருங்கப்பா என்று கேட்டேன். யாரோ பெரிய மனுஷியாட்டம் இருக்குது, நெசவாளிக்கு ஏதாச்சும் நல்லது செஞ்சிருப்பாங்க என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் கையில் ராட்டையோடு உட்கார்ந்திருப்பதாக நான் மனதில் ஒரு படம் வரைந்துகொண்டேன்.

பிறகு பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தி படித்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதி, நாலரை வாங்கினேன். அந்த ஒரு பத்திக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காக நூலகத்தில் தேடியபோதுதான் தெரிந்தது. அந்தப் பெரிய மனுஷிக்கு அப்போது வயது வெறும் பதினாறு! நம்மைவிட இளையவர். இருந்தாலும் அவர் என்றே எழுதுகிறேன். அந்த மரியாதை வயதுக்கு அல்ல.

கப்பல் ஏறியவர்கள்

வள்ளியம்மையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அவர் பிறப்பதற்கு 38 வருடங்களுக்கு முன்னால் போக வேண்டும். 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கிளம்பியது. அந்த நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. உள்ளே இருந்தவர்கள் நடாலின் வெள்ளைக்காரக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட நம் மக்கள். அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி நிறுத்திவிட்ட வெள்ளை அரசாங்கம், அந்த இடத்தை நிரப்பக் கண்டுபிடித்த வழிதான் இந்த ஒப்பந்தக் கூலி முறை. ஐந்து வருடம் ஒரே முதலாளியிடம் வேலை. அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை.

1911 வரை இப்படி ஏறத்தாழ 1,52,000 பேர் நடாலுக்குப் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி, ஏன், நமக்குப் பக்கத்தில் இருக்கும் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். பஞ்சமும் கடனும்தான் அவர்களைத் துரத்தின.

ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே நிலம் வாங்கிக் காய்கறி போட்டு முன்னேறப் பார்த்தவர்களை வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. உழைப்பு வேண்டும், உழைத்த ஆள் வேண்டாம்! 1895-இல் நடால் அரசு ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி கூலியாகக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இல்லை என்றால் வருடம் 3 பவுண்டு தலைவரி. பிறகு இந்த வரி பிள்ளைகளுக்கும் வந்தது. ஆண் பிள்ளைக்கு 16 வயதிலிருந்து, பெண் பிள்ளைக்கு 13 வயதிலிருந்து.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். அதாவது ஆறு மாதச் சம்பளம் ஒரு தலைக்கு வரி! அப்பா, அம்மா, வயது வந்த இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 12 பவுண்டு. கட்ட முடியாதவன் என்ன செய்வான்? மறுபடி தோட்டத்துக்கே போவான். வரியின் நோக்கமே அதுதான்.

கடைக்காரர் மகள்

புதுச்சேரியைச் சேர்ந்த முனுசாமி முதலியாரும், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தில்லையாடியைச் சேர்ந்த மங்களத்தம்மாளும் டிரான்ஸ்வால் பகுதியில் ஜோகன்னஸ்பர்க் நகரில் குடியேறியவர்கள். முனுசாமி அங்கே பழம், காய்கறிக் கடை வைத்திருந்தார். அவர்களுக்கு 1898 பிப்ரவரி 22-ஆம் தேதி வள்ளியம்மை பிறந்தார்.

கடை வைத்திருந்தால் மட்டும் கௌரவம் கிடைத்துவிடுமா? டிரான்ஸ்வாலில் 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசியாக்காரர்களுக்குக் குடியுரிமை கிடையாது. ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் நிலம் வாங்க முடியாது. வெள்ளையர் நடக்கும் நடைபாதையில் நடக்கக் கூடாது. படித்தவர், படிக்காதவர், செட்டியார், படையாச்சி என்ற வித்தியாசமெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் கூலி. தமிழர்களின் பெயர் பல சாமி என்று முடிவதால், எல்லோருக்கும் சாமி என்றே ஏளனமாகப் பெயர் வைத்திருந்தார்கள். வக்கீலாகப் போன காந்தியையே கூலி வக்கீல் என்றுதான் அழைத்தார்கள்.

1907-இல் ஆசியாக்காரர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று டிரான்ஸ்வாலில் சட்டம் வந்தது. அதை எதிர்த்து காந்தி தலைமையில் நடந்ததுதான் சத்தியாகிரகப் போராட்டம். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கூட்டமாகக் கொளுத்தினார்கள். சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் மிக அதிகம். இதைக் காந்தியே பின்னாளில் பலமுறை எழுதியிருக்கிறார். சாமி நாகப்பன் என்ற இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர், கடும் குளிரில் சிறை வேலை செய்து, நிமோனியா கண்டு 1909 ஜூலையில் இறந்துபோனார். வள்ளியம்மையின் அப்பாவும் இந்தப் போராட்டக்காரர்களில் ஒருவர். அந்த வீட்டில் சிறை என்பது பயப்படும் வார்த்தையாக இருந்திருக்காது.

தாலிக்கு மரியாதை இல்லை!

1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறையில் நடந்து பதிவு செய்யப்பட்ட கல்யாணம்தான் செல்லும். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் முறைப்படி செய்த கல்யாணம் எதுவும் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை என்று ஆனது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவிமார் மனைவி அல்லாதவர் ஆனார்கள். பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கேள்விக்குறி ஆனது.

அதுவரை ஆண்கள் மட்டுமே சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இனி பெண்கள் வீட்டுக்குள் இருக்க முடியுமா? மூன்று பவுண்டு வரி, கல்யாணத் தீர்ப்பு இரண்டையும் எதிர்த்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். டிரான்ஸ்வாலுக்கும் நடாலுக்கும் நடுவில் உள்ள எல்லையை இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் தாண்டினால் குற்றம். அந்தக் குற்றத்தை வேண்டுமென்றே செய்வதுதான் திட்டம்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்களின் முதல் அணி எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போனது. கைக்குழந்தைகளோடு போனவர்களும் அதில் உண்டு. சுரங்கத் தொழிலாளர்களிடம் அவர்கள் தமிழிலேயே பேசினார்கள். வரியை ரத்து செய்யும்வரை வேலைக்குப் போக வேண்டாம் என்றார்கள். சுரங்கம் நின்றது. பிறகு கரும்புத் தோட்டங்களும் நின்றன. நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் கொண்ட ஊர்வலம் நடந்தே டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டியது. தென்னாப்பிரிக்க அரசாங்கம் ஆடிப்போனது. அந்தத் தீக்குச்சியைக் கிழித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத நம் பெண்கள் என்பதை நினைத்துப் பாருங்கள் தோழர்களே!

சிறைச்சாலையில்...

இரண்டாவது அணியில் மங்களத்தம்மாளும் மகள் வள்ளியம்மையும் சேர்ந்தார்கள். அப்போது முனுசாமி அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அவரை விட்டுவிட்டுத்தான் தாயும் மகளும் கிளம்பினார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்க வீட்டில் என் அக்காவை டவுனுக்குத் தனியாக அனுப்பவே ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும்.

நடாலில் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார்கள். டிசம்பரில் கைதானார்கள். கடுங்காவலோடு மூன்று மாதத் தண்டனை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை. இருபது வருடத்துக்கு முன் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அதே ஊர்தான். சாப்பாடு வாயில் வைக்க முடியாது. வேலை, துணி வெளுப்பது. சிறைக்குப் போன கொஞ்ச நாளிலேயே வள்ளியம்மைக்குக் காய்ச்சல் வந்தது. முன்கூட்டியே விடுதலை செய்கிறோம் என்று சிறை அதிகாரிகள் சொன்னார்கள். வள்ளியம்மை மறுத்துவிட்டார்.

தண்டனைக் காலம் முடியும் முன்பே போராட்டத்தில் சமரசம் ஏற்பட்டு வெளியே வந்தபோது உடம்பு எலும்பும் தோலுமாகியிருந்தது. காந்தி வந்து பார்த்தார். சிறைக்குப் போனதற்காக வருத்தம் இல்லை என்றும், மறுபடி கூப்பிட்டாலும் போகத் தயார் என்றும் அந்தப் பெண் அவரிடம் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி வள்ளியம்மை இறந்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் பதினாறு வயது நிரம்பியது.

அதே வருடம் ஜூலைக்குள் இந்தியர் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது. மூன்று பவுண்டு வரி ஒழிந்தது. நம் கல்யாணங்கள் செல்லுபடி ஆயின. ஊருக்குக் கிளம்பும் முன் காந்தி செய்த கடைசிக் காரியங்களில் ஒன்று, ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் நாகப்பன், வள்ளியம்மை இருவரின் கல்லறைக் கற்களைத் திறந்து வைத்தது. 1915-இல் அவர் தில்லையாடிக்கே வந்து போனார். இன்று அங்கே வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. 2008-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

மேடைப் பேச்சுகளில் ஒரு கதை சொல்வார்கள். வள்ளியம்மை தன் சேலையைக் கிழித்து இதுதான் எங்கள் நாட்டுக் கொடி என்று காட்டினாராம். கேட்கப் புல்லரிக்கும். ஆனால் காந்தியிடம் ராட்டைக் கொடியின் வடிவம் கொடுக்கப்பட்டதே 1921-இல்தான். அதனால் அந்தக் கதையை நான் எழுதவில்லை. காய்ச்சலோடு விடுதலையை மறுத்த பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு கதை தேவையா?

ஒரு பத்தியில் இல்லாத மீதி

இதுவரை நான் எழுதியது பெருமைக்குரிய பாதி. இன்னொரு பாதி இருக்கிறது. அதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வள்ளியம்மை சிறைக்குப் போன அதே 1913-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவில் கறுப்பர் நிலச் சட்டம் வந்தது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கான கறுப்பின மக்களுக்கு அவர்கள் நாட்டிலேயே ஏறத்தாழ ஏழு சதவீத நிலம்தான் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதே வருடம் புளூம்ஃபான்டைன் நகரில், அனுமதிச் சீட்டு வைத்திருக்க மாட்டோம் என்று கறுப்பினப் பெண்கள் ஊர்வலம் போய், அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். சார்லட் மக்சேக்கே என்பவர் அந்தப் போராட்டத்தின் தலைவிகளில் ஒருவர். ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே மாதிரிச் சிறை. ஆனால் நம் போராட்டம் அவர்களுக்காகவும் நடந்ததா என்றால், இல்லை. அன்றைய இந்தியத் தலைவர்கள், காந்தி உட்பட, கறுப்பின மக்களை நம்மோடு சேர்த்து எண்ணவில்லை. அவர்களைவிட நாம் மேல், எங்களை அவர்களோடு சேர்க்காதீர்கள் என்ற தொனியில் இளம் வயதில் காந்தி எழுதியதும் உண்டு. இதைக் காரணம் காட்டித்தான் 2018-இல் கானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் குரல் எழுப்பி அங்கிருந்த காந்தி சிலையை அகற்ற வைத்தார்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். வள்ளியம்மை நமக்குத் தெரியும். சார்லட் மக்சேக்கேயை நமக்கு யார் சொன்னார்கள்? அவர்கள் பக்கப் புத்தகத்தை நாம் திறந்ததே இல்லையே!

அதற்காக எல்லாம் முடிந்துபோனது என்று இல்லை. காந்தி பின்னாளில் மாறினார். பிள்ளைகள் இன்னும் மாறினார்கள். வள்ளியம்மையோடு போராடிய தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு, கறுப்பின மக்களின் விடுதலைக்காகப் போராடி, மண்டேலா இருந்த அதே ராபன் தீவுச் சிறையில் பத்து வருடம் இருந்தார். தாத்தா நமக்காக, பேரன் எல்லோருக்காக. இது எப்பேர்ப்பட்ட வரலாறு! இதுவும் நம் புத்தகத்தில் இல்லை.

தென்னாப்பிரிக்க வெள்ளை அரசும் இப்படித்தான் தனக்கு வேண்டியதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியாக, மட்டமான ஒரு கல்வி என்று 1953-இல் சட்டமே போட்டது. பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று திணித்ததும் 1976 ஜூன் 16-இல் சோவெட்டோ பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம்மைவிடச் சிறிய பிள்ளைகள் செத்தார்கள். பாடப் புத்தகம் என்பது சாதாரண விஷயம் அல்ல தோழர்களே!

மேடையும் டீக்கடையும்

இதையெல்லாம் திரட்டித்தான் பேச்சுப் போட்டியில் பேசினேன். வெள்ளையனின் இனவெறியைக் கிழி கிழி என்று கிழித்தேன். நடைபாதையில் நடக்க விடாத கொடுமையைச் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. முதல் பரிசும் கிடைத்தது.

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் என் நண்பன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்லா பேசுனடா என்றான். கொஞ்ச நேரம் கழித்து, உங்க ஊர் டீக்கடையில எங்காளுகளுக்கு எதுல டீ குடுப்பாங்கன்னு கவனிச்சிருக்கியா என்று கேட்டான். அவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். பொங்கல் லீவுக்குப் போனபோதுதான் கவனித்தேன். எங்களுக்குக் கண்ணாடி டம்ளர். காலனிக்காரர்களுக்குப் பேப்பர் கப். முன்னெல்லாம் அவர்களுக்குத் தனி டம்ளர் வெளியே கவிழ்த்து வைத்திருக்கும் என்று அப்புச்சி சொன்னார். இப்ப யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க என்றும் அவரே சொன்னார். கடைக்காரர் என் கையில் கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் நம்மை நடைபாதையில் நடக்க விடவில்லை. சரி. வள்ளியம்மை இறந்து பத்து வருடம் கழித்து, 1924-இல், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருவில் நம் சொந்த மக்களையே நடக்க விடவில்லையே, அது யார் செய்தது? வெள்ளைக்காரனா? அந்தத் தெருவைத் திறக்கப் போய்ச் சிறைப்பட்டவர் நமக்குப் பத்து மைலில் இருக்கும் ஈரோட்டுக்காரர் பெரியார். அவர் மனைவி நாகம்மையாரும் அங்கே போய்ப் போராடினார். ஒரு பாடத்தில் வள்ளியம்மை, வேறு பாடத்தில் வைக்கம். இரண்டும் ஒரே பாடம் என்று யாரும் சொல்வதில்லை.

முடிவாக...

அடுத்தவன் நமக்குச் செய்த அநியாயம் மட்டும் வரலாறு அல்ல. நாம் அடுத்தவனுக்குச் செய்ததும் வரலாறுதான். முதல் பாதியை மட்டும் படித்தால் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவது பாதியையும் படித்தால்தான் புத்தி வரும். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும், எங்க ஊருக்கும் பொருந்தும்.

எங்க வீட்டில் நான்தான் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன். எங்கப்பாவுக்கு அந்தப் பெயர்ப் பலகையில் இருப்பவர் யார் என்று தெரியாமல் போனது அவர் குற்றம் அல்ல. எனக்குத் தெரியாமல் போனால் அது என் குற்றம். அதனால் இந்தக் கட்டுரையை அவருக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். டீக்கடைப் பகுதி வரும்போது அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. சத்தம் போடலாம். போடட்டும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டிக்கு, நம் ஊரில் நாம் மாற்ற வேண்டிய ஒன்று எது என்று தலைப்புக் கொடுங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் பேசுவேன். அதற்கு முன் அந்த டீக்கடையில் எனக்கும் பேப்பர் கப்பிலேயே கொடுங்கள் என்றாவது கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பதினைந்து வயதில் ஒருவர் எல்லையைத் தாண்டினார். பதினெட்டு வயதில் நாம் ஒரு டம்ளரைத் தாண்ட மாட்டோமா?

– இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை